பூல் மேசைத் துணிக்கு பிரஷ்ஷா, வேக்குவமா?

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூல் ஆடி முடிந்ததும், மேசையின் ரப்பர் விளிம்பான குஷன் ஓரமாக ஒரு விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். நுனியில் நீலமாக ஒட்டும். பந்தை அடிக்கும் கோலான க்யூவின் முனையில் தடவிய சாக் பந்துக்குப் போய், பந்திலிருந்து துணிக்கு இறங்கிய தூள் அது. பெயர்தான் சாக், கரும்பலகையில் எழுதும் சாக்பீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் 1897-ல் காப்புரிமை வாங்கிய வகை இது. சிலிக்கா போன்ற உராய்வுப் பொருள்கள் கலந்தது. துணியில் தங்கினால் நைஸான உப்புத்தாள் வேலையைப் பார்க்கும். அதனால் என் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தூள் மேசையை விட்டு வெளியேறுகிறதா, இடம் மட்டும் மாறுகிறதா?

பெரும்பாலான வீடுகளில் பிரஷ்தான். சத்தமில்லை, இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் முன்னும் பின்னும் தேய்த்தால் பாதித் தூள் குஷனுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மீதி நூலிழைகளுக்குள் இறங்கி, துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் கல்பலகையின் மேல் உட்காரும். மேசை பளிச்சென்றுதான் இருக்கும். அதுதான் ஏமாற்று.

ஆனாலும் பிரஷ்ஷைத் தூக்கி எறிய வேண்டாம். துணியில் இரண்டு சாதி உண்டு. உள்ளங்கையால் ஒரு பக்கம் தடவினால் வழுக்கி, எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடித்தால் அது ஸ்னூக்கர் மேசையில் இருப்பது போன்ற ரோமத் துணி. அந்த ரோமத்தைப் படிய வைக்க பிரஷ் அவசியம். அதன் போக்கிலேயே, நேர்க்கோட்டில், ஒரே திசையில். வட்டமாகச் சுழற்றித் தேய்த்தால் ரோமம் கலைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் இறுக்கி நெய்த ரோமமில்லாத துணி. அதில் பிரஷ்ஷுக்குப் பெரிய வேலை இல்லை.

வேக்குவம் தூளை உண்மையிலேயே வெளியே எடுக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான், நிபந்தனையோடு. சுழலும் பிரஷ் உள்ள தலையைக் கழற்றிவிட்டு, சோபாவுக்குத் தரும் சின்ன முனையை மாட்டுங்கள். இழுவையைக் குறைத்து வையுங்கள். முனை துணியைக் கவ்வித் தூக்கினால் இழுவை அதிகம் என்று பொருள். ஸ்லேட் மூன்று துண்டாக இருந்தால் இணைப்பில் மெழுகோ பட்டியோ நிரப்பியிருப்பார்கள். பழைய மேசையில் அது பொடிந்திருக்கலாம், அந்தக் கோட்டின் மேல் மெதுவாகப் போங்கள். குஷன் இடுக்குக்கு ஒல்லி முனை.

ஈரத் துணி மூன்றாவது போட்டியாளர். ரோமமில்லாத துணியில், வேக்குவத்துக்கு அப்புறம், நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபரால் லேசாகத் துடைப்பதில் தப்பில்லை. கம்பளி கலந்த ரோமத் துணிக்கு வேண்டாம். ஸ்லேட்டுக்குப் பதில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போட்ட மேசை என்றால் கிட்டவே போகாதீர்கள், ஈரம் இறங்கினால் பலகை உப்பிவிடும். ஒருமுறை தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் பதற்றத்தில் பரபரவென்று தேய்த்தேன். கறை போய்விட்டது, தேய்த்த இடம் மட்டும் சிலிர்த்துக்கொண்டு தனித் தீவாக நிற்கிறது. உலர்ந்த துணியை வைத்து ஒற்றி எடுத்திருந்தால் போதும்.

இந்த மூன்றாலும் போகாத ஒன்று, வெள்ளைப் புள்ளிகள். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான பிரேக் அடிக்கும்போது பந்து துணியில் உரசும் சூட்டில் உண்டான தழும்பு அது, அழுக்கே இல்லை. தேய்த்துப் பிரயோஜனமில்லை.

அதைவிடப் பந்தைத் துடைப்பதில் பலன் அதிகம். ஃபீனாலிக் என்ற கெட்டிப் பிசின் பந்தானாலும் மலிவான பாலியெஸ்டர் பந்தானாலும் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு சோப்பு, பிறகு ஈரம் போகத் துடைப்பது. இது போதும். கார் மெழுகு மினுமினுப்பு தரும், கூடவே ஒரு வழவழப்பையும் விட்டுப்போகும். பந்து உருள வேண்டிய இடத்தில் சறுக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் யோசனை வந்தால் அதன் சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரச் சட்டத்துக்கு பாலிஷ் என்றால் துடைக்கும் துணியில் தெளித்துக்கொண்டு தேயுங்கள். மரத்தில் நேராக அடித்தால் சாரல் மேசைத் துணியில்தான் விழும்.

அப்புறம், சாக் கட்டியை நீலப் பக்கம் கீழாகக் கவிழ்த்து வைக்கும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் உண்டு. அவர் வந்துபோன அன்று மட்டும் நான் இரண்டு முறை வேக்குவம் போடுகிறேன்.