மேட்டுப்பாளையத்தில் வாங்கிய ஸ்கூட்டர், மலையில் இரண்டரை ஆண்டு

காலை ஏழு மணிக்கு ஊட்டியில் இரத்த மாதிரி எடுக்கத் தொடங்க வேண்டும். வீடு குன்னூரில், பெட்போர்டுக்கு மேலே. நடுவில் பத்தொன்பது கிலோமீட்டர். பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்திலேயே போய்வந்தேன். முதல் பேருந்து தவறிய நாட்களில், வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளை நினைத்து எனக்கு வழியெல்லாம் படபடக்கும். 2023 பிப்ரவரியில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன்: சுசூகி ஆக்சஸ் 125, 2020 மாடல், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். 61,000 ரூபாய். அன்றிலிருந்து பெட்ரோல், பழுது, கிலோமீட்டர் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஆய்வகத்தில் வேலை செய்பவளுக்கு எழுதி வைக்காமல் இருக்க முடியாது. இங்கே சொல்வதெல்லாம் அந்த நோட்டிலிருந்து.

வாங்குவதற்கு முன் மூன்று வண்டிகளைப் பார்த்து வேண்டாம் என்றேன். குன்னூரிலேயே இருந்த முதல் வண்டி 2018 மாடல், காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்தது. சமதளத்தில் நன்றாகத்தான் ஓடியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன்; கரிபிடித்துக் கறுப்பாக இருந்தது. மலையில் இது புதிதல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். வண்டி இழுக்காது, மைலேஜும் போய்விடும். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 என்ற வாகனப் புகை விதி வந்தபிறகு, இந்த வகை ஸ்கூட்டர்களில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அது காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோலைத் தருகிறது. மெல்லிய காற்றில் என்ஜினின் பலம் குறைவதை எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது; பெட்ரோல் வீணாவதையாவது இது தடுக்கிறது. ஆகவே மலையில் பழைய வண்டி தேடுகிறவர்கள் ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாவது பி.எஸ். 6 வண்டியாகப் பாருங்கள் என்பேன்.

இரண்டாவது வண்டியை ஒரு தரகர் காட்டினார். மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். ஆனால் கால் வைக்கும் இடத்து ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பிரேக் பிடியின் விளிம்பில் பூச்சு போயிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வண்டி 2019 மாடல், டயரோ 2022-இல் செய்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் டயர் மாற்றவேண்டிய அவசியம் என்ன என்று கேட்டேன். ஆணி குத்தியது என்றார். இரண்டு டயரிலுமா என்று கேட்டேன், பேச்சை மாற்றினார். நான் வந்துவிட்டேன். மூன்றாவது வண்டிக்கு வங்கிக் கடன் முடிந்திருக்கவில்லை, ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது.

நான்காவது வண்டி மேட்டுப்பாளையத்தில் ஓய்வுபெற்ற ஒருவருடையது. 17,400 கிலோமீட்டர், எல்லாமே சமவெளியில் ஓடியது. கீழே ஓடிய வண்டியைத்தான் வாங்கவேண்டும் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மலையில் ஓடிய பத்தாயிரம் கிலோமீட்டரை, பிரேக்கும் பெல்ட்டும் கிளட்ச்சும் படுகிற பாட்டை வைத்துப் பார்த்தால், கீழே ஓடிய இருபதாயிரத்துக்கு நான் சமமாக வைப்பேன். ஆனால் கீழே ஓடிய வண்டியை அப்படியே மலைக்குக் கொண்டுவந்து ஓட்டக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

காகித வேலை சுலபமாக முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் அவர் என் கண்முன்னே கையெழுத்திட்டார். ஒரே மாநிலம் என்பதால் டி.என். 40 என்று தொடங்கும் மேட்டுப்பாளையம் பதிவெண் மாறவில்லை, ஆர்.சி.யில் பெயரும் முகவரியும் மாறின. இன்சூரன்ஸில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். அதனால் 2020 வண்டிக்கு 2025 வரை காப்பீடு இருக்கிறது என்று அப்போது விற்றவர் சொன்னது உண்மைதான். ஆனால் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதி பல நேரம் ஒரே ஆண்டில் முடிந்து போயிருக்கும். என் வண்டிக்கும் முடிந்திருந்தது. புதுப்பித்த பிறகுதான் மலை ஏறினேன்.

கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியதுமே இந்த வண்டி எனக்குப் பிடித்துவிட்டது. பதினான்கு வளைவுகளிலும் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை. 124 சி.சி. என்ஜின், நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. அந்தப் பொருத்தம்தான் காரணம். 110 சி.சி. வண்டியில் இருவர் ஏறினால் இதே ஏற்றத்தில் பின்னால் வரும் லாரிக்கு வழி விட்டு ஒதுங்க வேண்டியிருக்கும். பர்லியாறில் நிறுத்தித் தேநீர் குடித்தேன். அங்கிருந்து கிளம்பும்போது பின்பக்கம் லேசாக உதறுவதைக் கவனித்தேன்.

குன்னூரில் நான் வண்டியை விடும் மெக்கானிக்கின் கடை, நான்கு வண்டிகள் நின்றால் ஐந்தாவதுக்கு இடமில்லாத அளவு சிறியது. அவர் இடதுபக்க மூடியைக் கழற்றி என்னை அழைத்துக் காட்டினார். என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டின் உட்புறப் பற்களுக்கு இடையில் மெல்லிய வெடிப்புகள். வேகத்துக்கேற்பப் பெல்ட்டை நகர்த்தும் ரோலர்கள் ஆறும் உருண்டையாக இல்லாமல் ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அந்த உதறலுக்கு அதுதான் காரணம். “சமவெளியில் இன்னும் ஆறாயிரம் ஓடும், இங்கே வேண்டாம் அக்கா” என்றார். பின்சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூ பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தது. பிரேக் ஆயில் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டது.

பெல்ட் 780, ரோலர்கள் 340, முன் டிஸ்க் பேட் 420, பின் ஷூ 360. இவற்றோடு பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், கியர் ஆயில், பிளக், கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 3,240 ரூபாய். டயர்கள் இரண்டுக்கும் 3,400. ஆக என் வண்டியின் உண்மையான விலை 67,640 ரூபாய். பேரம் பேசும்போதே இந்த ஆறாயிரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், விற்பவரிடம் ஆயிரம் ரூபாய்க்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இனி இறக்கம். வண்டியை வாங்கும்போது எல்லோரும் மேட்டில் ஏற்றித்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு மாலையும் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய நானூறு மீட்டர் இறங்குகிறேன். கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் என்ஜினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்த வசதி அரைகுறை. ஆக்சிலரேட்டரை முழுதும் விட்டு வேகம் குறைந்தால், கிளட்ச் விலகி வண்டி தானாக உருளத் தொடங்கும். பிறகு முழு எடையும் பிரேக்கின் தலையில்தான்.

வாங்கிய புதிதில், அக்காள் மகளைப் பின்னால் உட்காரவைத்து எல்லநள்ளியிலிருந்து அருவங்காடு வரை இடது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய 125 சி.சி. வண்டிகளில் இடது பிடியை அழுத்தினால் பின்சக்கரத்தோடு முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரேக் போகும். அந்தத் தைரியம் எனக்கு. வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அருகே தீய்ந்த வாசனை வந்தது. பிடியை அழுத்தினால் வண்டி நிற்காமல் நழுவியது. ஓரமாக இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினேன். கைகள் நடுங்கின. சூடேறிய டிரம்மில் ஷூ பிடிக்காது. பழைய பிரேக் ஆயிலாக இருந்திருந்தால் அதில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்து முன் டிஸ்க்கும் கைவிட்டிருக்கும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். எங்கள் ஈரக் காற்றுக்கு நான் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், 250 ரூபாய்.

இப்போது ஆக்சிலரேட்டரை ஒரு நூல் அளவு திறந்தே வைத்து இறங்குகிறேன். கிளட்ச் விலகாமல் என்ஜினின் பிடிப்பு கிடைக்கிறது. வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுகிறேன். பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்களை இந்தச் சாலையில் தினமும் பார்க்கிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். என் நோட்டுக் கணக்கின்படி அந்தப் பாதையில் இறங்க ஆகும் பெட்ரோல் கால் லிட்டர்கூட வராது.

குன்னூருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். பெட்ரோல் மூடி வெளியிலேயே இருப்பதால் நனைந்த இருக்கையைத் தூக்காமல் பெட்ரோல் போடலாம். இந்த மாடலில் எனக்கு மிகப் பிடித்த வசதி அதுதான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனாலுக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் டேங்க்கை அரைக்குக் கீழே விடுவதில்லை. மேகம் இறங்கும் மாலைகளில் எல்.இ.டி. விளக்கின் வெள்ளை வெளிச்சம் எதிரே சுவர் எழுப்பியதுபோல் திரும்பி முகத்தில் அடிக்கும். அப்போது லோ பீமில், சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே வருகிறேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு எப்போது வேண்டுமானாலும் சாலைக்கு வரும். மேகத்தில் அது பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் வண்டியை வெளியில் நிறுத்தினால் இருக்கையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும். காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் இல்லாத வண்டியை மலையில் வாங்காதீர்கள். நான் வாரம் ஒருமுறை கிக்கரில்தான் கிளப்புகிறேன், இல்லாவிட்டால் அது இறுகிப்போகும்.

மைலேஜ் லிட்டருக்கு 41 முதல் 43 கிலோமீட்டர் வரை. கீழே ஐம்பது கிடைத்தது என்று பழைய உரிமையாளர் சொன்னார், நம்புகிறேன். பின்சக்கரம் 10 அங்குலம், முன்சக்கரம் 12. மழையில் சாலை பெயர்ந்த இடங்களில் பின்னால் உட்கார்ந்தவருக்கு இடுப்பில் அடி தெரியும். அது உறுத்துமென்றால் இரண்டு சக்கரமும் 12 அங்குலமாக இருக்கும் டி.வி.எஸ். என்டார்க் பக்கம் பாருங்கள். எடை கூடுதல், தள்ளி நிறுத்தும்போது தெரியும். ஐந்தடி உயரமுள்ள எனக்குச் சரிவில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவதுதான் தினசரிச் சோதனை, அதனால் எடை குறைந்ததை எடுத்தேன்.

என்ஜின் ஆயிலை 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பின் பிரேக் ஷூ இரண்டு முறை, முன் பேட் மூன்று முறை மாறியிருக்கின்றன. பெல்ட்டை 36,500-இல் மாற்றினேன். மந்தாடா ஏற்றத்தில் என்ஜின் சத்தம் கூடியும் வேகம் ஏறாதபோதே கடைக்குக் கொண்டுபோனேன். வழியில் அறுந்திருந்தால் அந்தப் பாதையில் தள்ளிக்கொண்டு வரமுடியாது. பழைய பெல்ட்டை மெக்கானிக் என்னிடமே கொடுத்தார். வண்டி வாங்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வகப் பெண்களுக்கு அதை மடக்கி, வெடிப்புகளைக் காட்டுகிறேன்.

நேற்று மீட்டர் 42,900. வரும் சனிக்கிழமை பின் பிரேக் டிரம்மைத் திறந்து தூசி தட்டும் நாள். மழை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.