ஆப்ஸ் ஸ்கிரிப்ட்: அலுவலக மடல்களுக்கு மொத்தமாக லேபிள் ஒட்டும் கருவி

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வருமான வரிக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. வாடிக்கையாளர்கள் இஏ பாரம் (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கை), வங்கிக் கணக்கறிக்கை, காப்புறுதி ரசீது என்று எல்லாவற்றையும் ஒரே ஜிமெயில் முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். வரி ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பதால் பழைய மடல்களை அழிக்கவும் வழியில்லை. ஆகவே, குவிந்து கிடந்த மடல்களுக்கு வாடிக்கையாளர் பெயரையும் வரி ஆண்டையும் லேபிளாக ஒட்டும் வேலையை, நாம் எழுதும் சிறு நிரலைக் கொண்டு ஜிமெயில், ஷீட் போன்றவற்றில் தானாக வேலை செய்யும் கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்டிடம் ஒப்படைத்தோம். அதன் நிறை குறைகளை, இதே தேவை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

குறிப்பிட்ட மடல்களைத் தானாகப் பிரிக்கும் ஃபில்டர் வசதி ஜிமெயிலிலேயே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஃபில்டர் நல்ல வசதிதான்; புதிதாக வரும் மடலுக்கு மட்டுமல்லாமல், ஒரு பெட்டியில் குறியிட்டால் பழைய மடல்களுக்கும் லேபிள் ஒட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாக ஃபில்டர் அமைத்து முடிப்பதற்குள் அடுத்த வரிப் பருவமே வந்துவிடும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில், கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, முதல் பத்தியில் வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியும் அடுத்த பத்தியில் லேபிளின் பெயரும் இட்டால் போதும். ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்து, தேடி, ஒட்டிவிடும். நிரல் எழுதத் தெரியாத எங்கள் கணக்கெழுத்தர்கூடப் புதிய வாடிக்கையாளரை ஷீட்டில் தாமே சேர்த்துக்கொள்கிறார். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பதில் வரம்புகள் உண்டு. ஸ்கிரிப்ட் ஒருமுறை ஓடத் தொடங்கினால் 6 நிமிடங்களுக்குமேல் ஓடாது. லேபிள் ஒட்டும் கட்டளை ஒரே அழைப்பில் 100 உரையாடல்களை (ஒரு மடலும் அதற்கான பதில்களும் சேர்ந்தது ஓர் உரையாடல்) மட்டுமே ஏற்கும். நேரம் குறித்துத் தானாக ஓடவிடும் ட்ரிகர்களுக்கு, இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு மொத்தம் 90 நிமிடங்களும், கட்டணம் செலுத்தும் ஒர்க்ஸ்பேஸ் கணக்கில் 6 மணி நேரமும் அளவாக வைத்திருக்கிறார்கள். இவற்றைச் சமாளிப்பது கடினமில்லை. தேடல் வரியிலேயே ‘இந்த லேபிள் இல்லாதவை மட்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்த்துவிட்டால், பாதியில் நின்றாலும் அடுத்த ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடரும். பழைய குவியல் கரையும்வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, பிறகு இரவில் ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்கிரிப்டோடு வரும் சாதாரண ஜிமெயில் கட்டளைகள் தனி மடலுக்கு லேபிள் ஒட்டுவதில்லை. முழு உரையாடலுக்கும் ஒட்டுகின்றன. எங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு, சென்ற ஆண்டு நாம் அனுப்பிய மடலைத் தேடியெடுத்து, அதற்கே பதிலாக இந்த ஆண்டின் ரசீதுகளை அனுப்பும் பழக்கம் உண்டு. (புது மடல் தொடங்கச் சொல்லிப் பார்த்துவிட்டோம், யாரும் கேட்பதாக இல்லை.) அப்படிப்பட்ட உரையாடலில் 2023, 2024 இரண்டு லேபிளும் எல்லா மடல்களின் மேலும் ஏறிக்கொள்ளும். ஆண்டுவாரியாகப் பிரிக்க விரும்புகிறவர்கள், ஸ்கிரிப்ட் பக்கத்தின் இடப்புறத்தில் உள்ள சேவைகள் பகுதியில் ஜிமெயில் ஏபிஐ-யை (நிரல் நேரடியாக ஜிமெயிலோடு பேச உதவும் கூடுதல் கட்டளைத் தொகுப்பு) சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் மடல் மடலாக லேபிள் ஒட்டலாம். ஒரே அழைப்பில் 1,000 மடல்கள்வரை அனுப்பலாம். வேகமும் கூடுதல். ஆனால் நிரல் சற்று நீளும். அதோடு, ஜிமெயில் அமைப்பில் உரையாடல் காட்சியை நிறுத்தினால்தான் பிரித்த பலன் கண்ணுக்குத் தெரியும்.

ஏபிஐ வழியாகத் தேடும்போது தேதியிலும் கவனம் வேண்டும். தேடல் வரியில் வெறும் தேதியைக் கொடுத்தால், அது அமெரிக்கப் பசிபிக் நேரத்தின் நள்ளிரவாகவே எடுத்துக்கொள்ளப்படும். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் 16 மணி நேர வேறுபாடு. ஆகவே ஜனவரி 1-ஆம் தேதி மாலை 4 மணிக்கு முன் கோலாலம்பூரில் வந்து சேர்ந்த மடல் முந்தைய ஆண்டின் கணக்கில் விழுந்துவிடும். தேதிக்குப் பதிலாக, 1970 ஜனவரி 1 முதல் கணக்கிடப்படும் விநாடி எண்ணைக் கொடுத்தால் இந்தப் பிசகு வராது. ஷீட்டில் சாதாரணத் தேதியை எழுதிவிட்டு, விநாடியாக மாற்றும் வேலையை ஸ்கிரிப்டுக்கே விட்டுவிடலாம்.

தேடலும் நாம் கொடுக்கும் சொல்லைத்தான் பார்க்குமே தவிர, பொருளைப் பார்க்காது. ‘இன்வாய்ஸ்’ என்பதை மலாய் எழுத்துக்கூட்டலிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பாதி மடல்கள் சிக்காமல் போகும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதன்முறை ஓடவிடும்போது, இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை என்ற எச்சரிக்கை வரும். மடல்களைப் படிக்கவும் அனுப்பவும் அழிக்கவும் அனுமதியும் கேட்கும். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும் அறிவிப்புதான். ஆயினும் இங்கே அனுமதி பெறுவது நம் கணக்கிலேயே நாமே எழுதிவைத்த நிரல். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு லேபிள் ஒட்டித்தரும் வெளிச் சேவை எதுவானாலும், நம் அஞ்சல்பெட்டிக்குள் நுழையும் அனுமதியை அதற்கும் கொடுத்தாக வேண்டும். உள்ளே அது என்ன செய்கிறது என்பதை நாம் பார்க்க முடியாது. பிறருடைய அடையாள அட்டை நகலும் சம்பள விவரமும் கையில் இருக்கும்போது, 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைத்துப் பார்த்தால், வெளியாருக்குத் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இணையத்தில் கிடைக்கும் நிரலை எடுத்து ஒட்டுகிறவர்கள், அதில் மடலை அனுப்பும் வரியோ அழிக்கும் வரியோ இருக்கிறதா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

லேபிள் தவறாக ஒட்டப்பட்டாலும் மடலுக்கு ஒன்றும் ஆகாது. லேபிளை நீக்கினால் மடல் அப்படியே இருக்கும். அதனால் முதலில் ‘சோதனை’ என்ற லேபிளை வைத்து, ஒரே ஒரு வாடிக்கையாளரின் மடல்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முழுப் பட்டியலுக்கும் போகலாம். சில நூறு மடல்களே உள்ளவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, ஃபில்டரே போதும். பல ஆண்டுக் குவியலும் நீண்ட வாடிக்கையாளர் பட்டியலும் உள்ள அலுவலகங்கள், ஏப்ரல் 30-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டிய பிஇ பாரத்தின் (தொழில் வருமானம் இல்லாத தனிநபருக்கான வருமான வரிப் பாரம்) நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே, கை சற்று ஓய்ந்திருக்கும் ஜனவரியில் இதை அமைத்துக்கொள்ளலாம்.