செவன்-ஜிப்: திறக்க மறுக்கும் கோப்புகளோடு ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சுருக்கப்பட்ட கோப்பு ஒன்று திறக்காமல் நின்றுவிட்டால், வீட்டில் கணினி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது இன்னொரு மென்பொருளைத் தேடி நிறுவுவதுதான். விண்டோஸ் கணினியில் பல ஆண்டுகளாக, கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் செவன்-ஜிப்பை முதன்மைக் கருவியாகவும், விண்டோஸிலேயே இருக்கும் ஜிப் வசதியையும் வின்ரார் என்ற இன்னொரு சுருக்க மென்பொருளையும் துணைக்கும் பயன்படுத்தி வருகிறேன். மென்பொருளை மாற்றியதால் மட்டும் தீர்ந்த சிக்கல்கள் மிகச் சிலவே. கோப்பு முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. அல்லது அதன் வகை நாம் நினைத்ததாக இருக்காது. இரண்டும் சரியென்றால், அதை விரிக்க முயலும் இடம் பொருந்தாததாக இருக்கும். ஆகவே, வசதிகளை வரிசையாகச் சொல்லாமல், எந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க இந்தக் கருவி உதவியது, எங்கே கைவிட்டது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

செவன்-ஜிப் 1999 முதல் இகோர் பாவ்லோவ் உருவாக்கிவரும் இலவச, திறந்த மூல மென்பொருள். விளம்பரம் இல்லை, கணினியின் வேகத்தைக் குறைப்பதில்லை, மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. தோற்றம் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு முந்தையதாகவே இருக்கிறது. ஜிப், செவன்-இசட், டார் போன்ற வகைகளை உருவாக்கவும் விரிக்கவும் செய்யும். வின்ராரின் சொந்த வகையான ராரை விரிக்க மட்டுமே முடியும், உருவாக்க முடியாது.

அடிக்கடி வரும் சிக்கல், பாதியில் அறுந்துபோன பதிவிறக்கம். ஜிப் கோப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பது விளங்கும். உள்ளே என்னென்ன கோப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற மைய அட்டவணை, ஜிப் கோப்பின் தொடக்கத்தில் அல்ல, கடைசியில்தான் இருக்கிறது. எனவே தொண்ணூற்றொன்பது விழுக்காடு வந்து, கடைசித் துண்டு மட்டும் வராமல் போனாலும், விண்டோஸின் உள்ளமைந்த வசதி அந்தக் கோப்பு செல்லாதது என்று சொல்லி ஒதுக்கிவிடும். செவன்-ஜிப் இந்த இடத்தில் சற்றுப் பொறுமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் தனியாக ஒரு சிறு தலைப்பும் ஜிப்பில் எழுதப்பட்டிருப்பதால், அட்டவணை இல்லாவிட்டாலும் அந்தத் தலைப்புகளைக் கொண்டு பட்டியலைக் காட்ட முயலும். கோப்பு எதிர்பாராமல் முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கையோடு, அதுவரை வந்து சேர்ந்த பகுதிகளை வெளியே எடுத்துத் தரும். ஒரு நிழற்படத் தொகுப்பு அறுந்துபோனால் இது பெரிய உதவி. ஒரு மென்பொருள் நிறுவி அறுந்துபோனால் பயனே இல்லை, மீண்டும் பதிவிறக்குவதுதான் வழி. செவன்-ஜிப்பின் சொந்த வகையான செவன்-இசட்டில் இந்தச் சலுகையும் கிடையாது. அதன் அட்டவணையும் கடைசியில்தான் இருக்கிறது. அது வராமல் போனால் சாதாரண வழியில் எதையும் மீட்க முடியாது.

ஆகவே எந்தக் கோப்பு திறக்க மறுத்தாலும், நான் முதலில் பார்ப்பது அதன் அளவைத்தான். கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண் பதிவிறக்கிய பக்கத்தில் தரப்பட்டிருந்தால், கோப்பின் மீது வலது சொடுக்கி, செவன்-ஜிப்பின் பட்டியலிலேயே அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். இதற்கெனத் தனி மென்பொருள் தேவையில்லை என்பதை, இதை நீண்ட காலம் வைத்திருப்பவர்களில்கூடப் பலர் கவனிப்பதில்லை.

அளவு வெறும் சில கிலோபைட் என்று இருந்தால், அது ஜிப் கோப்பே அல்ல என்று ஐயப்படலாம். உள்நுழைவு கேட்கும் தளங்களில், நேரம் கடந்த இணைப்பைச் சொடுக்கினால், கோப்புக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கமே ஜிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டுவிடுவது உண்டு. நோட்பேடில் அதைத் திறந்து முதல் சில எழுத்துகளைப் பார்த்தால் போதும். ஜிப் கோப்பு ஆங்கிலத்தின் பி, கே என்ற இரு எழுத்துகளில் தொடங்கும். 1989இல் இந்த வகையை வெளியிட்ட ஃபில் கேட்ஸின் பெயரெழுத்துகள் அவை. ரார் கோப்பு தன் பெயரையும் ஒரு வியப்புக்குறியையும் முதலில் கொண்டிருக்கும்; செவன்-இசட் கோப்பில் ஏழு என்ற எண்ணும் இசட் எழுத்தும் முதலில் வரும். இவை எதுவுமின்றிக் கோண அடைப்புக்குறிகளோடு வலைப்பக்க நிரல் தெரிந்தால், எந்த மென்பொருளாலும் அதை விரிக்க முடியாது. விண்டோஸ் இயல்பாகவே கோப்பு நீட்சியை, அதாவது பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வகையைக் காட்டும் பகுதியை, மறைத்து வைப்பதால், அதை வெளியே காட்டும்படி அமைத்துக்கொள்வது இதற்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

செவன்-ஜிப்பில் நான் மிகுதியாகப் பயன்படுத்துவது, விரிக்கும் கட்டளையைவிடச் சோதிக்கும் கட்டளையையே என்று சொன்னால் மிகையாகாது. எதையும் வட்டில் எழுதாமல், உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பையும் நினைவகத்தில் விரித்து, அதன் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் பதிவானதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடும். இதன் விடையைப் படிக்கும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே உட்கோப்பு ஒவ்வொரு முறையும் பிழை காட்டினால், சிதைவு அந்தச் சுருக்கக் கோப்பிலேயே இருக்கிறது. அதைப் புதிதாகப் பெற வேண்டும். மாறாக, ஒரு முறை ஒரு கோப்பும் அடுத்த முறை வேறொரு கோப்பும் பிழை காட்டினால், ஐயம் கணினியின் நினைவகத்தின் மீதே விழ வேண்டும். பெரிய செவன்-இசட் கோப்புகளை விரிக்கும்போது நினைவகம் மிகுதியாகப் பயன்படுவதால், வேறு வேலைகளில் வெளிப்படாத ரேம் கோளாறு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை அப்போது ஓட்டிப் பார்ப்பது, பத்து மென்பொருள்களை மாற்றி மாற்றி நிறுவுவதைவிடப் பயன் தரும்.

சிதைவு என்று உறுதியானபின் மீட்பது என்ற வகையில் செவன்-ஜிப் பலவீனமானதுதான். செவன்-இசட் வகை, பல கோப்புகளை ஒரே நீண்ட தொடராக இணைத்துச் சுருக்குவதை இயல்பாகக் கொண்டது. அதனால்தான் அளவு அவ்வளவு குறைகிறது. ஆனால் அந்தத் தொடரில் ஓரிடம் கெட்டால், அதற்குப் பின்னால் வரும் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். ராரில் மீட்புப் பதிவு என்ற வசதி உண்டு. உருவாக்கும்போதே சிறிதளவு கூடுதல் தரவைச் சேர்த்து வைத்தால், பின்னாளில் ஏற்படும் சிறு சிதைவை அதைக் கொண்டு சரிசெய்துவிடலாம். உருவாக்கியவர் சேர்க்காமல் விட்டிருந்தால், வின்ராரின் பழுதுநீக்கும் கட்டளையால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளி வட்டுகளில் நீண்ட காலம் இருக்க வேண்டிய தொகுப்புகளுக்கு நான் இன்னும் வின்ராரை விடவில்லை.

வகை பொருந்தாமை அடுத்தது. ரார் வகையின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருள்களுக்கு அது புரியாது, கோப்பு கெட்டுவிட்டது என்றே சொல்லிவிடும். நல்ல கோப்பைக் கெட்டது என்று சொல்லும் இந்த வழக்கம்தான் மிகுந்த குழப்பத்தைத் தருகிறது. விண்டோஸ் 11இல் 2023 முதல் ரார், செவன்-இசட் வகைகளை நேரடியாகவே திறக்கும் வசதி வந்திருப்பதால், எளிய தேவைகளுக்குத் தனி மென்பொருளே வேண்டாம் என்ற நிலை பெருமளவு வந்துவிட்டது. ஆனால் கடவுச்சொல் இட்ட கோப்பு என்றதும் அந்த வசதி தடுமாறுகிறது. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிய ஜிப் கோப்பை விண்டோஸில் திறக்க முயன்றால், காரணம் சொல்லாத பிழை ஒன்றே கிடைக்கும். அதே கோப்பைச் செவன்-ஜிப் தயக்கமின்றித் திறக்கும். மென்பொருளை மாற்றுவது உண்மையிலேயே தீர்வாகும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று.

கடவுச்சொல் தவறு என்று வந்தால், விசைப்பலகை தமிழில் இருக்கிறதா, நகலெடுத்தபோது இறுதியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். தட்டும் எழுத்துகளைக் காட்டும் தெரிவு செவன்-ஜிப்பின் கடவுச்சொல் பெட்டியிலேயே இருக்கிறது. மறந்த கடவுச்சொல்லை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நிறுவுவதைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. நீளமான கடவுச்சொல்லும் ஏஇஎஸ்-256 பூட்டும் இருந்தால், வீட்டுக் கணினியில் அதைத் திறக்க நடைமுறை வழி கிடையாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. இதைப் பற்றி விரிவாக எழுதியிருப்பவர்கள் குறைவு. ஜிப் உருவான காலத்தில் பெயர்கள் ஐபிஎம் கணினிகளின் 437 என்ற எழுத்துத் தொகுதியில் எழுதப்பட்டன. பெயர் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் இருக்கிறது என்று அறிவிக்கும் குறி, 2006இல்தான் ஜிப் வரையறையில் இடம்பெற்றது. பெயரை யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டு, அந்தக் குறியை வைக்காமல் விட்டுவிடும் மென்பொருள்கள் உண்டு. அப்படிப்பட்ட ஜிப்பை விண்டோஸில் விரித்தால், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் உச்சரிப்புக்குறி ஏறிய ஐரோப்பிய எழுத்துகளும் கட்டம் போடும் கோடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு எந்தப் பழுதும் இருக்காது. பெயர் மட்டுமே தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. செவன்-ஜிப்பைக் கட்டளை வரியில் இயக்கி, எழுத்துத் தொகுதிக்கான எம்சிபி என்ற தெரிவுக்கு 65001 என்ற மதிப்பைக் கொடுத்து விரித்தால், பெயர்கள் மீண்டும் தமிழாகிவிடும். சாளரத்தில் சொடுக்கிச் செய்யும்படி இந்தத் தெரிவை வைத்திருக்கலாம். வைக்கவில்லை என்பது எனக்குக் குறையே.

இந்தப் பெயர்க் குழப்பம் வேறொரு கோளாறையும் கூட்டிக்கொண்டு வரும். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பிடிக்கும். கோ என்ற எழுத்துக்கு மெய்யும் உயிர்க்குறியுமாக ஆறு பைட்டு. அதைத் தவறாகப் படிக்கும்போது ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று வந்துவிடுவதால், பெயர் மூன்று மடங்கு நீளமாகிவிடும். விண்டோஸில் கோப்புப் பாதையின் மொத்த நீளத்துக்கு 260 எழுத்துகள் என்ற பழைய வரம்பு கோப்பு உலாவியில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. நீண்ட தமிழ்ப் பெயருள்ள கோப்புறைக்குள் இன்னொரு கோப்புறை இருந்தாலே, குப்பையாகிய அந்தப் பெயர்கள் வரம்பை எளிதாகத் தாண்டிவிடும். பாதை மிக நீளம் என்ற பிழையோடு விரித்தல் நின்றுவிடும். பெயர் சரியாக இருந்தும் இதே பிழை வந்தால், சி டிரைவின் மேல்மட்டத்தில் ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அங்கே விரிப்பது உடனடித் தீர்வு. செவன்-ஜிப் இந்த வரம்பைக் கடந்தும் எழுதக்கூடியது; அது நன்மையா என்பது ஐயமே. எழுதிய கோப்புகளைப் பிறகு கோப்பு உலாவியால் திறக்கவோ நீக்கவோ முடியாமல் போகலாம். அவற்றை நீக்கச் செவன்-ஜிப்பின் சொந்தக் கோப்பு மேலாளருக்குள்ளேயே போக வேண்டியிருக்கும்.

விரிக்கும் இடத்தைப் பொறுத்த சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு வடிவத்தில் இருந்தால், 4 ஜிபியைத் தொடும் தனிக் கோப்பை எழுத முடியாது. எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் போதாது. செவன்-ஜிப் சாளரத்திலிருந்து கோப்புகளை இழுத்து வெளியே போட்டால், அவை முதலில் தற்காலிகக் கோப்புறையில் விரிந்து, பிறகுதான் உரிய இடத்துக்குப் போகும். ஆகவே சி டிரைவில் இடம் குறைவாக இருந்தால், இழுப்பதை விட்டுவிட்டு விரிக்கும் கட்டளையையே பயன்படுத்த வேண்டும். பல பகுதிகளாகப் பிரித்துத் தரப்பட்ட கோப்புகள் எல்லாம் ஒரே கோப்புறையில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். பதிவிறக்கும்போது உலாவி ஒட்டிவிடும் அடைப்புக்குறி எண்ணை அகற்றிவிட்டு, முதல் பகுதியை மட்டும் திறந்தால் போதும்.

செவன்-ஜிப்பின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை, அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதில்லை என்பதுதான். ஒருமுறை நிறுவியதும் அப்படியே கிடக்கும் இத்தகைய மென்பொருள்கள், வெளியிலிருந்து வரும் கோப்புகளை முதலில் தொடுபவை என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. வின்ராரில் பழைய ஏஸ் வகையைத் திறக்கும் பகுதியில் இருந்த பாதுகாப்பு ஓட்டை 2019இல் வெளியானது. 2023 ஆகஸ்டில் 6.23 பதிப்பு வேறொரு ஓட்டையை அடைத்தபோது, தாக்குபவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற விண்டோஸின் அடையாளத்தை, விரிக்கப்பட்ட கோப்புகளுக்கும் கடத்தும் வசதி செவன்-ஜிப்பில் 2022இல் வந்த 22.00 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் இயல்பில் அணைந்தே இருக்கிறது. அமைப்புகளில் போய் அதை இயக்கி வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11இன் புதிய வலது சொடுக்குப் பட்டியலில் செவன்-ஜிப் நேரடியாகத் தெரியாமல், கூடுதல் தெரிவுகளுக்குள் ஒளிந்திருப்பது சிறு எரிச்சல். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது சொடுக்கினால் பழைய பட்டியலே வந்துவிடும்.

பிறருக்கு அனுப்பும் கோப்புகளைப் பொறுத்தவரை, அளவு எவ்வளவு குறைந்தாலும் செவன்-இசட் வகையை நான் தேர்ந்தெடுப்பதில்லை. சாதாரண ஜிப், வழக்கமான டிஃப்ளேட் சுருக்கமுறை, ஆங்கில எழுத்துகளில் குறுகிய பெயர்கள் என்று வைத்து, அனுப்பும் முன் ஒருமுறை சோதிக்கும் கட்டளையை ஓட்டிவிடுகிறேன். கடவுச்சொல் இட வேண்டிய கோப்பாக இருந்தால் மட்டும் ஏஇஎஸ் முறையைத் தேர்ந்தெடுத்து, அதை விண்டோஸின் உள்ளமைந்த வசதி திறக்காது, செவன்-ஜிப் வேண்டும் என்பதையும் மடலிலேயே எழுதிவிடுகிறேன்.