டோசிலிசுமாப்: சைட்டோகைன் புயலை அடக்கும் மருந்து குறித்து ஒரு செவிலியரின் மதிப்பீடு

தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘ஆக்டெம்ரா’ என்ற பெயரில் வரும் டோசிலிசுமாப் மருந்தை நான் பலமுறை ஏற்றியிருக்கிறேன். உரிய நேரத்தில் கொடுத்தால் இதைப் போல் வேகமாகப் பலன் தரும் மருந்துகள் குறைவு என்பதே என் கருத்து.

முடக்குவாதத்துக்காக உருவான மருந்து இது. 2012-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், ரத்தப் புற்றுநோய்க்காக மாற்றியமைக்கப்பட்ட டி செல்களைப் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) பெற்ற 6 வயது எமிலி வைட்ஹெட், நோயெதிர்ப்பு மண்டலமே கட்டுமீறிய ‘சைட்டோகைன் புயலால்’ உயிருக்குப் போராடினாள். அவளது ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லியூக்கின்-6 மிக அதிகமாக இருப்பது தெரிந்தபோது, மூட்டுவாதம் இருந்த தன் மகளின் பொருட்டு இம்மருந்தைப் பற்றி அறிந்து வைத்திருந்த ஆய்வாளர் கார்ல் ஜூன் இதைப் பரிந்துரைத்தார், அவள் பிழைத்தாள். இன்டர்லியூக்கின்-6 செல்களின் ஏற்பியில் ஒட்டாதபடி இது தடுத்துவிடுகிறது. 2017-இல் அமெரிக்கா, டி செல் சிகிச்சையால் வரும் இந்தப் புயலுக்கு இதைப் பயன்படுத்த முறைப்படி ஒப்புதல் அளித்தது.

தயாரிப்பதில் பொறுமை வேண்டும். பெரியவர்களுக்கு 100 மி.லி. சலைன் பையிலிருந்து மருந்தின் அளவுக்கு நிகரான சலைனை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தைச் சேர்த்து, நுரை கிளம்பாதபடி பையை மெல்லக் கவிழ்த்துக் கலந்து, 1 மணி நேரம் ஏற்ற வேண்டும்.

என்னை எப்போதும் கவலைப்படுத்துவது அதற்குப் பிந்தைய நாட்கள்தான். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி.யைக் கல்லீரல் தயாரிக்கத் தூண்டுவதே இன்டர்லியூக்கின்-6 என்பதால், உள்ளே கிருமித்தொற்று வளர்ந்துகொண்டிருந்தாலும் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் இறங்கிவிடும். சி.ஆர்.பி. இயல்பாக இருந்தும் பிளட் கல்ச்சரில் கிருமி வளர்ந்த ஒரு நோயாளியைப் பார்த்த பிறகு, அந்த எண்ணை மட்டும் நம்பி நான் நிம்மதியடைவதில்லை.

2021 கொரோனா இரண்டாம் அலையில் 400 மி.கி. மருந்துக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் கொடுக்கவும் தயாராகக் குடும்பங்கள் மருந்துச் சீட்டுடன் அலைந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. 4,116 நோயாளிகளைக் கொண்ட பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் 28 நாட்களில் இறந்தோர் விகிதம் 35 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. அதுவும் ஆக்சிஜன் குறைந்து அழற்சி மிகுந்திருந்தவர்களிடம்தான். இது உண்மையான பலன்தான், ஆனால் வீட்டை விற்று வாங்கியே தீர வேண்டிய பலன் என்று யாரிடமும் சொல்ல என்னால் முடியாது.

டி செல் சிகிச்சையில் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் என மூளை பாதிக்கப்பட்டால் இது பெரிதும் உதவுவதில்லை. அங்கே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தையே நாடுகிறார்கள். காசநோயோ ஹெபடைடிஸ் பி-யோ முன்பு இருந்திருந்தால், மருந்து ஏற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனெனில் உறங்கிக் கிடக்கும் அந்நோய்கள் இதனால் மீண்டும் தலைதூக்கக்கூடும்.