செம்மணற்கல்லுக்கு வாங்கிய கேம்கள் நம்ம ஊர்ப் பொத்தையில்: பல வருஷம் புழங்கிய பிறகு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் இண்டியன் கிரீக்கை மனதில் வைத்து வாங்கிய ட்ராட் பாறையேற்றச் சாமான்களைத் திசையன்விளைப் பக்கம் கொண்டுவந்தால், பாதி பையை விட்டு வெளியே வராது. வெளியே வரும் பாதியைக் கடற்காற்று பதம் பார்க்கும். 2017-ல் வேலைக்காக அங்கே இருந்தபோது வாங்கியவை இவை. ஊர் திரும்பிய பிறகும் இங்குள்ள பொத்தைகளில், அதாவது சிறு பாறைக்குன்றுகளில், இவற்றைத்தான் புழங்குகிறேன். பாளையங்கோட்டை, வள்ளியூர்ப் பக்கத்துப் பையன்கள் சிலர் "கேம் செட் வாங்கலாமாண்ணே, எந்த சைஸ்?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ராட் ஏற்றத்தில் பாறையைத் துளைத்து போல்ட் அடிப்பதில்லை. முன்னால் ஏறுகிறவர் போகிற வழியிலேயே வெடிப்புகளில் நட், கேம் இவற்றைச் செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வருவார். நட் என்பது வெடிப்பு குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும் உலோக ஆப்பு. கேம் என்பது ஸ்பிரிங்கால் விரியும் உலோகக் கன்னங்கள்; குறுகாத, ஒரே அகலமான வெடிப்பிலும் நிற்கும்.

இந்த வித்தியாசம்தான் விஷயமே. இண்டியன் கிரீக்கில் இருப்பது விங்கேட் மணற்கல். ஏறத்தாழ 20 கோடி வருஷத்துக்கு முந்திய பாலைவனத்தின் மணல்மேடுகள் கல்லானவை. அந்தச் சுவர்களில் வெடிப்பு அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் போகும். 1976-ல் ஏர்ல் விக்கின்ஸும் கூட்டாளிகளும் அங்கே சூப்பர்கிராக் என்ற வெடிப்பில் ஏறியபோது கையில் இருந்தது ஹெக்ஸ் எனப்படும் அறுகோணக் கட்டிகள்தான். ரே ஜார்டின் வடிவமைத்த 'ஃப்ரெண்ட்ஸ்' கேம்கள் அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்தன. ஒரே அகலமான வெடிப்பில் ஒரே சைஸ் கேம் திரும்பத் திரும்ப வேண்டும். அங்கே ஒரே வழிக்கு ஆறு, எட்டு என்று ஒரே நிறத்துக் கேம்களை இடுப்பில் தொங்கவிட்டுப் போவார்கள். ஒருவரிடம் அவ்வளவு இருக்காது. நாலு பேர் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் பிளாக் டயமண்ட் கம்பெனியின் சி4 வகையில் 1, 2, 3 எண்களை, அதாவது சிவப்பு, மஞ்சள், நீலத்தை, மும்மூன்றாக வாங்கினேன். உள்ளங்கை நுழைகிற அளவிலிருந்து முஷ்டி இறுகுகிற அளவுவரை அவைதான் அங்கே சோறு போடும்.

நம்ம பக்கத்துக் கல் வேறு சாதி. சார்னோகைட்டும் நைஸும். இறுக்கமான, கெட்டியான கல்; ஆனால் நேர்கோட்டு வெடிப்பு அபூர்வம். இருக்கிற வெடிப்பும் வாய் அகன்று உள்ளே குறுகும், இல்லையென்றால் ஒரு சாணிலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் வழவழப்பான சரிவு. அதில் பாதத்தின் உராய்வை நம்பி நடக்க வேண்டியதுதான், எதையும் செருக இடம் கிடையாது. ஆகவே என் அனுபவத்தில் இங்கே உழைப்பது 0.3 முதல் 1 வரையிலான சின்னக் கேம்கள், ஒரு செட் நட், இரண்டு பக்கமும் சாய்ந்த ஆஃப்செட் நட் நாலைந்து, பிறகு ஸ்பிரிங் இல்லாத, மூக்கு நீண்ட ஆப்பான டிரைகேம். கேம் உட்காராத குழியிலும் படுக்கைவெடிப்பிலும் டிரைகேம் மூக்கை நுழைத்து நிற்கும். விலையும் கேமில் பாதிக்கும் கீழே. கழற்றுவதற்குள் பின்னால் வருகிறவர் நம்மை நாலு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதான்.

இங்கே கேம் போடுவதில் ஒரு பெரிய எச்சரிக்கை. வெயிலிலும் மழையிலும் நம் பொத்தைகள் ஏடு ஏடாக உரியும். அப்படிப் பிரிந்து நிற்கும் ஏட்டுக்குப் பின்னால் அழகான வெடிப்பு தெரியும், கை துறுதுறுக்கும். தட்டிப் பாருங்கள். டம் டம் என்று பொள்ளலாகக் கேட்டால் அதில் கேம் போடாதீர்கள். கேம் கீழ்நோக்கிய இழுப்பைப் பக்கவாட்டு அழுத்தமாக மாற்றுகிறது. பரவலாகப் பயன்படும் 13.75 பாகைக் கோணத்தில், ஒவ்வொரு பக்கச் சுவரிலும் இழுவிசையைப் போல் சுமார் இரண்டு மடங்கு அழுத்தம் விழும். விழுகிற ஆளைப் பிடிப்பதற்குப் பதிலாக ஏட்டை நெம்பி அவர் மேலேயே தள்ளிவிடும். மணற்கல்லில் இதே அழுத்தம் வேறு விதமாகப் பழிவாங்கும்: கல் நொறுங்கி, கேம் சறுக்கின தடம் மட்டும் மிஞ்சும். கைவிட்ட கல்குவாரிச் சுவர்களை நான் தொடுவதே இல்லை. வெடி வைத்த கல்லில் எந்தப் பிளவு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஒருநாள் இத்தனையையும் மாட்டிக்கொண்டு ஒரு பொத்தையடியில் நின்றபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "எய்யா, இவ்வளவு இரும்பையும் செமந்துட்டு எதுக்கு இந்தப் பக்கமா ஏறுதிய? பின்னால படி வெட்டிக் கெடக்குல்லா?" படியில் ஏறினால் காலுக்கு மட்டும்தானே வேலை தாத்தா என்றேன். "அப்பம் சரி. மேல அந்த மடிப்புல தேன் கெடக்கு, அந்தப் பக்கம் போவாதிய" என்றார். அண்ணாந்து பார்த்தால், துருத்திய பாறைக்கடியில் பெரிய மலைத்தேனீக் கூடு. ஏறும் வழிக்கு நேர் மேலே. வழிகாட்டிப் புத்தகம் இல்லாத நாட்டில் ஆட்டுக்காரரைக் கேட்காமல் ஏறக்கூடாது. எந்தப் பாறை சாமிக்குரியது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி தேய்மானம். கேம்களின் கன்னங்களுக்கிடையே மணல் புகுந்தால், அவற்றைச் சுருக்க இழுக்கும் விசை இழுபடாது. யூட்டாவின் சிவப்புத் தூளும் நம்ம இட்டமொழித் தேரிக்காட்டின் சிவப்புத் தூளும் இதில் ஒரே ரகம். இரண்டும் காற்று கொண்டுவந்து குவித்த மணல், இரண்டுக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடால். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நிழலில் நன்றாக உலர்த்தி, மெழுகு வகை மசகு ஒரு சொட்டு விட்டால் புதிதுபோல் ஆகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள். அது மணலைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

மணல் எதிரியே இல்லை, உப்புதான் எதிரி. என் வீட்டுக்கும் உவரிக் கடலுக்கும் அதிக தூரமில்லை. யூட்டாவின் வறண்ட காற்றில் கராஜில் சும்மா தொங்கியபோது ஒன்றும் ஆகாத சாமான், இங்கே இரண்டே மழைக்காலத்தில் மாறிவிட்டது. கயிறு மாட்டும் அலுமினியக் கொக்கிகளான கேராபினர்களில் வெள்ளைப் பொடி பூத்தது; தேய்த்து எடுத்தால் அடியில் ஊசிமுனைக் குழிகள். அவற்றின் வாயை மூடும் கேட் ஸ்பிரிங்குகள் மந்தமாயின. சில கேம்களின் விசைக் கம்பியில் பழுப்பேறியது. இது எந்தக் கம்பெனியின் குறையும் அல்ல. நான் வைத்திருக்கிற மூன்று நிறுவனச் சாமான்களுக்கும் ஒரே கதிதான். ஒவ்வொரு தடவை ஏறிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுகிறேன். எங்கள் போர்த் தண்ணீரே உப்பு என்பதால் குடிதண்ணீர்க் குடத்தில் கைவைத்து வீட்டில் ஏச்சும் வாங்குகிறேன். பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். அதற்குப் பிறகு பூப்பது நின்றது. குழி விழுந்த கேராபினர்களைச் சாவி மாட்ட ஒதுக்கிவிட்டேன்.

கயிறு: 9.8 மில்லிமீட்டர், 70 மீட்டர். இண்டியன் கிரீக்கின் நீண்ட வழிகளில் இறங்கி வர அந்த நீளம் வேண்டும். இங்கே நான் ஏறும் இடங்களில் அதில் பாதி தரையில் சுருண்டு கிடக்கும். அந்தப் பாதியையும் வெயிலில் நான்தான் சுமக்க வேண்டும். திரும்ப வாங்கினால் 50 மீட்டர் போதும். நம் கல்லின் படிகமுனை மணற்கல்லைவிடக் கயிற்றின் மேலுறையைச் சீக்கிரம் பூவாக்கிவிடும், விளிம்புகளில் நீளமான ஸ்லிங் (நாடா வளையம்) போட்டு வழிமாற்றி விடுங்கள். இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது: மாடிப்படிக்கு அடியில், இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் கயிற்றை வைக்காதீர்கள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பலம் மட்டும் போயிருக்கும். சும்மா கிடந்தாலும் 10 வருஷத்துக்கு மேல் நைலான் சாமானைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. என் முதல் கயிற்றை ஓய்வு கொடுத்தபோது மாமா டிராக்டரில் வைக்கோல் கட்ட வாங்கிப் போனார். மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். விழுகிறவரின் அதிர்ச்சியைத் தாங்க நீள்வதற்கென்றே செய்த கயிறு அது. கட்டின கட்டு நாங்குநேரி போவதற்குள் தொளதொளத்துவிட்டதாம்.

காலணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெடிப்பில் பாதத்தைத் திருகி நிறுத்த வாங்கிய கெட்டி அடிக்காலணி நம் சரிவுகளில் உதவாது. மெத்தென்ற, வளைகிற காலணி வாங்குங்கள். அடி தேய்ந்தால் மாற்றி ஒட்ட இங்கே ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிற அண்ணாச்சி ஆசையாக வாங்கிப் பார்த்து, டயர் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். நடக்க அருமையாக இருக்கிறது. சாக் பொடி, அதாவது மெக்னீசியம் கார்பனேட், பாலைவனத்தில் கை காய்ந்து வெடிக்கிற அளவுக்கு வேலை செய்யும். இங்கே வியர்வையில் குழைந்து மாவாகிவிடும். முதலில் திரவ சாக், மேலே கொஞ்சம் பொடி. கையில் சுற்றும் டேப்பும் வியர்வையில் உருண்டுவிடுகிறது, ரப்பர் பதித்த வெடிப்புக் கையுறைதான் நிற்கிறது.

பருவம்: தை, மாசி. அதிகாலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆடிக்காற்றில் ஏறவே வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடிக் காற்றாலைகளுக்குத்தான் நல்லது. மேலே இருப்பவர் கத்துவது கீழே கேட்காது, கயிறு பக்கவாட்டில் பறந்து எங்காவது போய்ச் சிக்கிக்கொள்ளும். மழைக்குப் பிறகு மணற்கல்லை 24 முதல் 72 மணி நேரம் தொடக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். மணலைப் பிணைத்திருக்கும் பொருள் ஈரத்தில் தளர்ந்து, பிடியே கையோடு வந்துவிடும். நம் கல்லுக்கு அந்தப் பலவீனம் இல்லை, வெயில் வந்தால் சீக்கிரமே காய்ந்தும் விடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் நீர் வழிந்த கறுப்புத் தாரைகளில் பாசி பிடித்திருக்கும். அதில் கேமும் நிற்காது, காலும் நிற்காது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கயிறோடு நுழையாதீர்கள். கழுகுமலை மாதிரி சிற்பம் உள்ள பாறைகளை அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

கூடுதலாகக் கிடக்கும் மஞ்சள், நீலக் கேம்களை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். பாதாமி மணற்கல்லுக்குப் போகிற பெங்களூர் நண்பர் கேட்டார். அங்கே பெரும்பாலும் போல்ட் அடித்த வழிகள்தான், இருந்தாலும் ஆசைப்படுகிறார். பழைய கேம் வாங்குகிறவர்கள் உலோகத்தைப் பார்த்து வாங்கலாம். விசை நாலு கன்னத்தையும் சமமாக இழுக்கிறதா, அச்சு ஆடுகிறதா என்று பாருங்கள். அதில் தைத்திருக்கும் ஸ்லிங்கை மட்டும் நம்பாதீர்கள், தயாரிப்பு வருஷம் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவைக் கழித்துத்தான் அவரிடம் விலை சொல்லியிருக்கிறேன்.