பொன் விளிம்பும் பசை முதுகும்

சென்ற வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடையில் 350 ரூபாய் கொடுத்து, என் அண்ணன் மகளிடம் தாள் கழன்றுபோயிருந்த கதைத் தொகுப்பு ஒன்றை மறுபடியும் புத்தகமாக்கி வாங்கி வந்தேன். அதே வாரத்தில், புதிதாகப் பேத்தி பிறந்திருக்கும் என் தோழி, "காலத்துக்கும் நிற்கிற மாதிரி குழந்தைக்கு நல்ல புத்தகம் சொல்லேன்" என்று கேட்டாள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு, அந்த அண்ணன் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று நான்கு புத்தகங்களைப் பரிசளித்தவள் நான். ஆகவே பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. அந்தக் கடையிலிருந்து திரும்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான்கில் விலை உயர்ந்தது அந்தத் தொகுப்புதான். பழைய தேவதைக் கதைகள், தோலைப் போன்ற சிவப்பு அட்டை, பொன் பூசிய விளிம்பு, பட்டு நாடா, உள்ளே வைக்க ஒரு பெட்டி. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் "இது அல்லவா பரிசு" என்றார்கள். குழந்தைக்கு நான்கு வயதாகும்வரை அது அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது. கீழே இறங்கிய எட்டாவது மாதத்தில் முதல் ஆறு தாள்கள் கையோடு வந்தன. அவள் கிழிக்கவில்லை. ஓநாய் வரும் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

பைண்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, தையலே கிடையாது என்றார். தாள்களை மடித்துப் பதினாறு பக்கங்கள் கொண்ட ஃபாரங்களாக்கி, மடிப்பின் வழியே நூலோட்டித் தைப்பது ஒரு முறை. மடிப்பை அறுத்தெறிந்துவிட்டு, தனித்தனியாகிப்போன தாள்களின் விளிம்பில் சூடான பசையைத் தடவி அதன்மேல் அட்டையைப் போர்த்துவது இன்னொரு முறை. பேருந்து நிலையத்தில் வாங்கிப் படித்துவிட்டுப் போடும் நாவலுக்கு இரண்டாவது முறை போதும். ஆனால் இந்தத் தொகுப்பு வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சானது. அந்தத் தாளுக்குள் பசை ஊறிப் பிடிப்பதில்லை. ஆண்டுகள் போகப் போகப் பசையும் இறுகி நொறுங்கத் தொடங்கிவிடுகிறது. பொன் விளிம்புக்குச் செலவழிக்க மனம் வந்த ஒருவருக்கு நான்கு முழம் நூலுக்குச் செலவழிக்க மனம் வரவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நிலைத்து நிற்கும் பரிசு என்ற எண்ணமே எனக்கு வேறோர் இடத்திலிருந்து வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மிக மலிவாகக் கிடைத்த சோவியத் சிறுவர் நூல்களில் ஒன்றை என் அப்பா வாங்கித் தந்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவற்றின் வரத்தும் நின்றுபோயிற்று. என் பிரதியின் அட்டை மங்கிவிட்டது, ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது, ஆனால் ஒரு தாள்கூடக் கழலவில்லை. நடுவில் விரித்தால் வெள்ளை நூல் இன்றும் தெரிகிறது. அதை வாங்கும்போது என் அப்பா நூலையா பார்த்திருப்பார்? விலையைத்தான் பார்த்திருப்பார்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். மற்ற மூன்றில் முதலாவது எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்', கெட்டி அட்டைப் பதிப்பு. பசித்த புழு ஒன்று திங்கள் முதல் நாளுக்கொரு வகைப் பழமாகத் துளைத்துத் தின்றுகொண்டு போவதுதான் கதை. துளை போடும் கருவியால் தாள்களைக் குத்திக்கொண்டிருந்தபோது கார்லுக்குத் தோன்றிய கதை இது. அகலம் மாறும் பக்கங்களோடும் துளைகளோடும் கட்டுப்படியாகிற விலையில் அச்சிட அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், முதற்பதிப்பு ஜப்பானில் அச்சானது. அந்தத் துளைகளின் அருமை ஒன்பது மாதக் குழந்தையின் கையில் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு பழத்திலும் சுண்டுவிரலை விட்டு எடுப்பதே அவளுக்கு ஓராண்டு காலப் படிப்பாக இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்தில் வரும் 'பிக்கிள்' என்பதை ஊறுகாய் என்று என் அம்மா சொல்லிவைக்க, மாங்காயைத் தேடிய குழந்தை அங்கே வெள்ளரிக்காய் ஒன்றைக் கண்டு ஏமாந்தது தனிக்கதை.

இந்த வகைப் புத்தகத்திலும் தையல் கிடையாது. அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பார்கள். மூலையை வாயில் வைத்து ஊறப்போட்டால் ஏடு ஏடாகப் பிரியும், பிரிந்தது. குழந்தை மென்றதற்குப் புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு ராமபாணப் பூச்சியும் உள்ளே புகுந்தது. வியாழக்கிழமையின் நான்கு ஸ்ட்ராபெரிகளுக்கு அருகே ஓரம் நைந்த ஒரு சிறு துளை. நான் பதறிக்கொண்டிருக்க, அவள் அந்த ஓட்டையையும் சேர்த்து ஐந்து என்று எண்ணி, புழுவுக்கு அன்று கூடுதலாகப் பசித்தது என்று விளக்கமும் கொடுத்தாள். ஆறு ஆண்டுகளில் இந்த நான்கு புத்தகங்கள் எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியில் இதற்கு ஈடானது வேறில்லை.

இரண்டாவது 'குட்நைட் மூன்', 1947இல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளமெண்ட் ஹர்ட் படம் வரைந்தது. வாங்கிய அன்று எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பச்சை அறை, அதிலுள்ள பொருள்களுக்கு வரிசையாக இரவு வணக்கம், வேறு எதுவும் நடப்பதில்லை. நியூயார்க் பொது நூலகமே 1972 வரை இதை வாங்காமல் இருந்தது என்று பின்னாளில் அறிந்தபோது, நான் தனியாக இல்லை என்று ஆறுதலடைந்தேன். "குட்நைட்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என் அம்மா யோசிக்காமல் "நிலா, நீ தூங்கு, சீப்பு, நீ தூங்கு" என்று படிக்கத் தொடங்கினார், அதுவே நிலைத்துவிட்டது. இரண்டரை வயதில் குழந்தை ஒவ்வொரு வண்ணப் படத்திலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும் சுண்டெலியைக் கண்டுபிடித்தாள். ஐந்து வயதில் மணி பார்க்கக் கற்றதும், அறையிலிருக்கும் கடிகாரம் ஏழு மணியில் தொடங்கி எட்டேகாலுக்குச் சற்று முன்பு, எட்டுப் பத்தில் முடிவதைப் பிடித்தாள். பக்கம் திரும்பத் திரும்ப அறை இருண்டுகொண்டு போவதை அதுவரை பெரியவர்களான நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

மூன்றாவது பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை. 1902இல் வெளிவந்தபோதே குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில்தான் இருக்க வேண்டும் என்று பாட்டர் பிடிவாதம் பிடித்த நூல். எங்கள் பிரதி நூலால் தைத்தது, இன்னும் புதிதாகவே இருக்கிறது, ஏனென்றால் அதை யாரும் அதிகமாகத் தொடவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே முயலின் அப்பாவைத் தோட்டக்காரர் வீட்டில் பணியாரத்துக்குள் வைத்துச் சமைத்துவிடுகிறார்கள். என் அம்மா அந்த வரியை "அப்பா வெளியூர் போயிருக்கிறார்" என்று மாற்றிப் படித்துவந்தார். இப்போது தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், பாட்டியிடம் ஒரு நாள் முழுதும் பேசவில்லை.

தமிழில் ஏன் ஒன்றும் வாங்கவில்லை என்று தோழி கேட்பாள். நிலாப் பாட்டும் காக்காய்ப் பாட்டும் வாய்வழியாகவே வந்துவிடும், அதற்கு எதற்குப் புத்தகம் என்று நினைத்துவிட்டேன். அது என் பிழை.

எதை வாங்குவது? மேலே எழுதியதைப் படித்தவர்கள் புழுவையோ நிலாவையோ சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். அவற்றை யாராவது கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கே பிறகு இரண்டு புழுக்கள் வந்து சேர்ந்தன. முயலை வாங்கு என்றுதான் தோழிக்குச் சொல்லியிருக்கிறேன். குழந்தை அதைத் தொடாமலே போகலாம். இருந்தாலும் இந்த வாரம் என்னால் நூல் தைத்த புத்தகத்தைத் தவிர வேறொன்றைச் சிபாரிசு செய்ய முடியாது. எதுவானாலும் கண்ணாடித் தாள் சுற்றியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும், முதுகின் மேல்நுனியில் தாள்கள் கொத்துக் கொத்தாக மடிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், ஒரு கொத்தின் நடுவே விரித்து நூலைத் தேட வேண்டும். கடைக்காரர் பிரிக்க மறுத்தால் திரும்பி வந்துவிடலாம்.

தொகுப்புக்கு இப்போது கருநீலக் காலிக்கோ துணி முதுகு. பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பது வழக்கமாம், "பிள்ளை வாயில் வைக்குமா அம்மா?" என்று கேட்டுவிட்டு, கலக்காமல் ஒட்டித் தந்தார் அந்தப் பெரியவர். மடிப்பு அறுபட்ட தாள்களை ஃபாரமாகத் தைக்க முடியாது என்பதால், ஓரத்தில் குத்தித் தைத்திருக்கிறார். புத்தகம் இனிக் கழலாது, ஆனால் முழுதாக விரியவும் செய்யாது. இரு பக்கங்களுக்கும் பரவியிருந்த ஓநாயின் மூக்கு தையலுக்குள் போய்விட்டது. நேற்று மாலை போய்ப் பார்த்தபோது, அவள் தரையில் முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தன் எடை முழுவதையும் அழுத்தி, அந்த மூக்கை வெளியே எடுக்க முயன்றுகொண்டிருந்தாள்.