குடல் அழற்சிக்கு மூலிகையும் தேன்கூட்டுப் பொருட்களும்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

"குடலுக்கு நல்லது" என்ற ஒரே வரியை ஒட்டி விற்கப்படும் டப்பாக்களில் முதலில் தேட வேண்டியது, அது எந்த நோய்க்கு, எத்தனை கிராம் என்பதைத்தான். நாள்பட்ட குடல் அழற்சியில் முக்கியமாக இரண்டு நோய்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்படலத்தோடு நிற்பது. க்ரோன்ஸ் நோயோ வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரும், குடல்சுவரின் முழுத் தடிமனிலும் இறங்கும், நாளாக நாளாகக் குடலைக் குறுக்கிவிடும். ஒன்றுக்கு உதவுவது மற்றதில் அடைப்பையே உண்டாக்கலாம். இங்கே சொல்லும் எதுவும் இந்த நோய்களுக்கு மருத்துவர் தரும் மெசலமைன், அசதயோப்ரின் போன்ற மருந்துகளுக்கு மாற்று இல்லை. அவற்றோடு, மருத்துவருக்குத் தெரிந்து, கூடுதலாக எடுப்பதற்கு மட்டுமே.

எல்லாவற்றிலும் முதலிடம் மஞ்சளின் சத்தான குர்குமின் மாத்திரைக்கு. அதுவும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மட்டும். 2006-ல் ஜப்பானிய ஆய்வு ஒன்றில், நோய் அடங்கியிருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு காலை 1 கிராம், மாலை 1 கிராம் என்று 6 மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது; ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்கு. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வு, மெசலமைனுக்கு அடங்காத, லேசான அல்லது மிதமான நோய் உள்ளவர்களிடம் தினம் 3 கிராம் வீதம் 4 வாரம் பார்த்தது: 26 பேரில் 14 பேருக்கு அடங்கியது, வெற்று மாத்திரை பக்கத்தில் 24 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. அதே பொருளை வெறும் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. அளவு குறைந்தால் காசு வீண் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

லேபிள் ஏமாற்றுவதும் இங்கேதான். "மஞ்சள் 500 மி.கி" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெறும் தூள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் அந்த மாத்திரையில் இருப்பது 15 மில்லிகிராம். 2 கிராம் குர்குமினைத் தூளாகவே சாப்பிட்டு எட்ட வேண்டுமானால் தினம் 65 கிராமுக்கு மேல் விழுங்க வேண்டும். அதில் ஆக்சலேட் வேறு ஏராளம். சிறுகுடலின் கடைப்பகுதியில் க்ரோன்ஸ் உள்ளவர்களுக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காது, அதனால் ஆக்சலேட் கூடுதலாக உடம்பில் ஏறி, சிறுநீரகக் கல்லில் போய் முடியும். வாங்குவதானால் "95 சதவீதம் குர்குமினாய்டு" (குர்குமின் வகைச் சத்து) என்று தெளிவாக எழுதியதை, 500 மில்லிகிராம் மாத்திரையாக வாங்குங்கள். காலை இரண்டு, இரவு இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வாரம் பாதி அளவில் தொடங்குங்கள். நேராக முழு அளவுக்குப் போனால் சிலருக்குக் குமட்டலும் பேதியும் வரும், அதை நோய் கிளம்பிவிட்டது என்று நினைத்துக் குழம்பிப் போவார்கள்.

"உறிஞ்சுதல் 20 மடங்கு" என்று மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் பெருங்குடலின் உள்பக்கம். ரத்தத்தில் ஏறாமல் அதுவரை போய்ச் சேருவது இங்கே குறையே இல்லை. பைப்பரின் மற்ற மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் மாற்றிவிடும். கூடுதலாக உறிஞ்சப்படும்படி செய்த வகைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. பித்தப்பையில் கல் இருந்தாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தாலும் குர்குமின் வேண்டாம். இரும்புச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரும்பு மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். க்ரோன்ஸ் அறுவைக்குப் பின் நோய் திரும்பாமல் இருக்க தினம் 3 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் பலன் வரவில்லை. அந்த நோய்க்காரர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இசப்கோல் மலிவானது, பழையது, அதன் தகுதிக்கு உரிய பெயர் கிடைக்காதது. நோய் அடங்கியிருக்கும் கொலைட்டிஸ்காரர்களிடம் 1999-ல் நடந்த ஆய்வில், தினம் இருமுறை 10 கிராம் விதை ஓராண்டு எடுத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கும், மெசலமைன் எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. ஏறத்தாழ சமம். கவனிக்க வேண்டியது, அங்கே கொடுத்தது விதை. கடையில் பெரும்பாலும் கிடைப்பது உமி. உமியானால் ஒரு தேக்கரண்டியில் தொடங்குவது போதும். 240 மில்லி தண்ணீரில் போட்டுக் கலக்கியவுடன் குடித்துவிட வேண்டும். இரண்டு நிமிடம் விட்டால் கரண்டி நிற்கும் அளவுக்குக் கூழாகிவிடும், தொண்டையில் சிக்கும். பின்னாலேயே இன்னொரு தம்ளர் தண்ணீர். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பழச்சுவை சேர்த்த வகைகளில் உள்ள இனிப்பூட்டிகள் சிலருக்கு வாயுவைக் கிளப்பும். வெறும் உமியே நல்லது. குடல் குறுகியிருக்கும் க்ரோன்ஸ் நோயாளி இதைத் தொடவே கூடாது.

கற்றாழையில் நல்லதும் கெட்டதும் ஒரே மடலில் இருக்கின்றன. மடலை அறுத்து நிமிர்த்தி வைத்தால் வெட்டுவாயிலிருந்து மஞ்சள் பால் வடியும். அதில் உள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. அந்தப் பாலைக் கழித்த உள்சோறுதான் குடிக்கத் தக்கது. 2004 ஆய்வில் 44 பேரிடம் உள்சோற்றுச் சாறு தினம் இருமுறை 100 மில்லி வீதம் 4 வாரம் பார்த்ததில் 30 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வெற்றுச் சாற்றில் 7 சதவீதம். சிறிய ஆய்வு, ஆனாலும் ஒதுக்க முடியாது. "முழு மடல்" என்று எழுதிய பாட்டிலை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். அலோயின் பத்து லட்சத்தில் 10 பங்குக்குக் கீழே என்று எழுதியிருந்தால் வாங்கலாம்.

கோதுமைப்புல் சாற்றுக்கு 23 பேர் கொண்ட ஒரே சிறிய ஆய்வு (தினம் 100 மில்லி, ஒரு மாதம்). அது அப்போதே பிழிந்த சாறு, டப்பாவில் வரும் பச்சைத்தூளுக்கு அந்தப் பெயரைக் கடன் கொடுக்க முடியாது. போஸ்வெல்லியா மரப்பிசின் க்ரோன்ஸ் நோய் திரும்புவதைத் தடுக்கிறதா என்று ஓராண்டு பார்த்ததில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

இந்தக் கூட்டத்திலேயே வீரியம் மிக்கதும், வாங்கவே கூடாது என்று சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: சிங் டாய். நீலச்சாயம் தரும் செடிகளின் இலையிலிருந்து எடுக்கும் கருநீலத் தூள். 2018-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் தினம் 1 கிராம் எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்கு 8 வாரத்தில் குணம் தெரிந்தது, வெற்று மருந்தில் சுமார் 14 சதவீதம்தான். ஆனால் இதே தூளை வெளியே தாமாக வாங்கிச் சாப்பிட்டவருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியது தெரியவந்து, ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். குடல் ஆறுகிறதே என்று இருதயத்தைப் பணயம் வைக்க முடியாது.

தேன்கூட்டுப் பக்கம் வந்தால் விளம்பரம் அதிகம், மனிதர்களிடம் கிடைத்த சான்று மிகக் குறைவு. புரோபோலிஸ் என்பது மர மொட்டுகளிலிருந்து தேனீக்கள் கொண்டுவரும் பிசின். ஏறத்தாழ பாதி பிசின், முப்பது சதவீதம் மெழுகு. பாப்லர் மர வகையில் உள்ள காஃபிக் அமில எஸ்டர் ஒன்று அழற்சியைத் தூண்டும் சமிக்ஞையை ஆய்வுக்கூடத்தில் அடக்குகிறது, எலிகளின் குடலிலும் பலன் தெரிந்திருக்கிறது. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் முக்கியப் பொருளே வேறு. எந்த வகை என்று எழுதாத பாட்டிலில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சாராயக் கரைசலைத் தண்ணீரில் விட்டால் பால்போல் கலங்கி, பிசின் தம்ளரின் ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். எண்ணி விட்ட சொட்டில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போவதே இல்லை. மெட்ரோனிடசோல், மெத்தோட்ரெக்சேட் மருந்துகள் எடுப்பவர்களுக்குச் சாராயக் கரைசல் ஆகாது. தேனீ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்த வடிவிலும் ஆகாது. காசு கொடுத்து வாங்க இதில் இன்னும் காரணம் போதவில்லை.

ராணித் தேனீக்கு ஊட்டத் தேனீக்கள் சுரக்கும் ராயல் ஜெல்லியும், மகரந்த உருண்டையும் அதைவிட மோசம். ராயல் ஜெல்லியால் ஆஸ்துமாக்காரர்கள் மூச்சடைத்து இறந்திருக்கிறார்கள். அதைச் சாப்பிட்ட ஒருவருக்கு ரத்தக்கசிவோடு பெருங்குடல் அழற்சியே வந்ததாக 1997-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேனை மருந்தாக எண்ண வேண்டாம். அதன் சர்க்கரை சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். உறிஞ்ச முடியாதவர்களுக்கு, குளுக்கோஸை விஞ்சி நிற்கும் ஃபிரக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவும் பேதியுமாக முடியும். அடங்கியிருக்கும் காலத்தில் ஒரு தேக்கரண்டி உணவாகச் சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

எதை எடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். தொடங்குமுன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனை, எட்டு வாரம் கழித்து மறுபடி. கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் அழற்சி கிளம்பியிருக்கிறது என்று பொருள், வயிறு எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும் சரி. ரத்தம், காய்ச்சல், இரவில் எழுப்பும் பேதி வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே இசப்கோலை நிறுத்திவிட வேண்டும். கூழ் படலத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளே சரியாகப் பார்க்க முடியாது.